மூடியின் மேல் ஒரு திருகு

1

இந்தக் கதை நான் திருடினது. அதிலும் பாதிதான் கிடைத்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்புகிற மூன்று மணி லோக்கலில், எதிர் சீட்டில் இருந்தவன் போனில் பேசிக்கொண்டே வந்தான். அவன் பேசினது காதில் விழுந்தது. அந்தப் பக்கம் பேசினது விழவில்லை.

எனக்குக் கதை என்றாலே இரண்டு பேர் பேசிக்கொள்வதுதான். வானம் எப்படி இருந்தது, சட்டை என்ன நிறம் என்பதெல்லாம் எனக்கு வராது. குரல் வந்தால் ஆள் வந்துவிடும். இங்கே பாதிக் குரல்தான் வந்தது, மீதியை நானே போடுகிறேன். எது கேட்டது, எது போட்டது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

பெயர்களும் நான் வைத்தவை. பேசினவன் சாம்சன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, அதற்கு முன்னால் பழவேற்காட்டில் போட் என்ஜின் ரிப்பேர். அவன் மனைவி கிறிஸ்டினா. அவளுடைய அண்ணன் இம்மானுவேல், போட் ஓனர். முகத்துவாரத்தில் மணல் தூர் வாருகிற இடத்துக்கு ஆட்களை ஏற்றிப்போய்க் கூட்டிவருகிற போட். அதில் கயிறு பிடிக்க, தண்ணீர் இறைக்க இருக்கிறவர் கலியன். இவ்வளவு பேர்தான். (நானும் இருக்கிறேன். என்னைச் சேர்க்க வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: அன்று கடல் வழக்கத்துக்கு மாறாக…

வேண்டாம். நான் கடலைப் பார்க்கவே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: சாம்சன் கெட்டவன் இல்லை. அவன் கை பட்டால் எந்த என்ஜினும்…

இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே ஒருவனுக்கு வக்காலத்து வாங்கினால், பின்னால் வேறு யாரோ மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது. வண்டி கிளம்பும் முன் கிறிஸ்டினாவிடம் பேசினான். இது முழுக்கக் கேட்டது.

“நேத்தே உங்கண்ணன் கைல குடுத்துட்டேன்டி. போட் டேங்க்க சுத்தமா கழுவி, ஷேர் ஆட்டோல மடியில வச்சிக்கினு போனேன். அடியில கொஞ்சம் பெட்ரோல் தங்கிச்சா, ஒரே நாத்தம். பக்கத்துல குந்தினு இருந்த பொம்பள கத்துது. அப்பறம் மூடி மேல காத்துத் திருகு இருக்குல்ல, அத்த நல்லா முறுக்கி மூடிட்டேன். அடங்கிச்சு, நாத்தமும் அந்தம்மாவும்.”

அவனே சிரித்தான். நானும் சிரித்தேன்.

(குறிப்பு: அந்தத் திருகு திறந்திருந்தால் டேங்க்குக்குள் காற்று போகும், பெட்ரோல் என்ஜினுக்கு வரும். மூடியிருந்தால் கொஞ்ச நேரம் வரும், அப்புறம் நின்றுவிடும். இதை வீட்டுக்கு வந்து ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால், தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே ரயிலில் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இடம் வருகிறது.)

3

கவரைப்பேட்டை தாண்டியதும் இம்மானுவேல் கூப்பிட்டான். அவன் பேச்சு நான் போட்டது.

“மாப்ள, ஸ்டீயரிங்கு சும்மா சுத்துது. காலெல்லாம் எண்ண.”

“போன வாரம் ஸ்டீயரிங் ஆயிலு கொறஞ்சிச்சின்னியே, இன்னா ஊத்தின மச்சான்?”

“பைக்குக்கு வாங்கின பிரேக் ஆயிலு கெடந்துச்சு. அத்த ஊத்தினேன்.”

“அது உள்ள கீற ரப்பர் சீலத் தின்னுடும் மச்சான். அதான் ஒழுவுது. பரவால்ல வுடு. ஆருக்குத் தெரியும் இதெல்லாம், பரவால்ல.”

(இரண்டு ‘பரவால்ல’வும் அவன் சொன்னதுதான்.)

“இப்ப இன்னா பண்ணட்டும்?”

“என்ஜினாண்ட ஸ்டீயரிங் கம்பிய கழட்டி வுட்டுட்டு, கலியன பின்னாடி குந்த வச்சி கையால திருப்பச் சொல்லு. நீ ரேஸ மட்டும் பாத்துக்கோ. மெதுவா வா.”

அப்படியே வந்துகொண்டிருந்தார்கள். கலியன் பின்பக்கம் கவிழ்ந்து படுத்து, உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்க, என்ஜினைக் கட்டிக்கொண்டு… அவர் முகம் எனக்குத் தெரியாது. விட்டுவிடுகிறேன்.

பொன்னேரியில் மறுபடியும் போன்.

“மாப்ள, இப்பதான் ரெண்டாவது டேங்க்க மாட்டினேன், என்ஜினே நின்னுபோச்சு. பத்து நிமிஷம் ஓடுது, நிக்குது. கொஞ்சம் வுட்டு கயித்த இஸ்த்தா ஓடுது, மறுபடி நிக்குது. அலை வேற கல்லாண்ட தள்ளினு போவுது. உள்ள ஆறு பேரு கீறாங்கடா!”

“பதறாத மச்சான். பில்டர்ல தண்ணி நிக்குதா?”

“இல்ல.”

“ஓஸ்ல எங்கியாச்சும் வெடிப்பு?”

“இல்லடா.”

“ஓஸ் நடுவுல ரப்பர் பல்பு இருக்குல்ல, அமுக்கிப் பாரு. கெட்டியா இருக்கா, சப்பையா இருக்கா?”

“சப்பையா ஒட்டிக்கினு கீது.”

சாம்சன் பேச்சை நிறுத்தினான்.

4

இந்த நிறுத்தத்தில் நான் நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். அவனுக்குள் போய்ப் பார்த்து எழுதினது இது:

சப்பை என்றதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்ஜின் உறிஞ்சுகிறது, டேங்க்குக்குள் காற்று போக வழியில்லை. நேற்று முறுக்கும்போது அந்தத் திருகின் பல் கட்டைவிரலில் அழுந்தியது ஞாபகம் வந்தது. சொல்லலாம். சொன்னால் மச்சான் விடமாட்டான். கம்பெனிக்குப் போனதிலிருந்தே ‘எங்க மெக்கானிக்கு இப்ப பொட்டி ஒட்டறாரு’ என்று நக்கல். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து, எல்லோரும் சாப்பிடுகிற இடத்தில் இதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கிறிஸ்டினா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

திரும்பப் படித்தேன். சாம்சனுக்கு எவ்வளவு தாராளமாகக் காரணம் கொடுத்திருக்கிறேன்! கலியனுக்கு ஒரு முகம்கூடக் கொடுக்கவில்லை.

அவன் நிஜமாகச் சொன்னது, சொல்லுக்குச் சொல்:

“டேங்க் மூடி மேல திருகு பாரு மச்சான். மூடிக்கினு கீதா? தொற. பல்ப அமுக்கு, கெட்டியாவுற வரைக்கும். இப்ப இஸ்து பாரு… ஓடுதா? ஓடுதுல்ல?”

எட்டு உயிர் தப்பித்தது. நல்ல மெக்கானிக்தான், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. அவன் அத்தோடு போனை வைத்திருக்கலாம்.

“எவன் மூடினது? எப்பவும் தொறந்துதான கெடக்கும், நம்ப போட்ல அத்த எவனும் தொடமாட்டானே. கலியன்தான் நோண்டியிருப்பான், வேற ஆரு? போன மாசம் அவன் நங்கூரத்த கடல்ல தொலச்சப்பவே, இன்னொரு தப்பு பண்ணா எறக்கி வுட்டுடுவேன்னு சொன்ன இல்ல? இன்னும் வச்சிக்கினு கீற.”

5

அனுப்பம்பட்டில் பக்கத்து லைனில் கூட்ஸ் வண்டி போனது. காது கேட்காமல் ஸ்பீக்கரைப் போட்டான். அந்தப் பக்கத்திலிருந்து நான் கேட்ட ஒரே குரல் அப்போதுதான் வந்தது.

“நான் தொடலணா. அத்த நான் தொடவே இல்லணா.”

சாம்சனைவிட இருபது வயதாவது மூத்த குரல். அது அவனை ‘ணா’ என்கிறது. மூச்சு வாங்கியது. என்ஜினைக் கையால் திருப்பிக்கொண்டேதான் பேசியிருக்க வேண்டும்.

சாம்சன் ஸ்பீக்கரை அணைத்தான். “கரைக்கு வந்து பேசிக்கோ மச்சான்” என்றான்.

இந்தக் கதையில் நான் போடாத, மாற்றவும் முடியாத வரி கலியனுடையது. ஒவ்வொரு முறை படி எடுக்கும்போதும் என் கை அதைத் தாண்டித்தான் போகப் பார்க்கிறது.

6

முடிவுகள்.

சாம்சன் மீஞ்சூரில் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று, மச்சானைக் கூப்பிட்டு, “நான்தான்” என்கிறான். நன்றாகவே வந்தது. வண்டி போன பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, ஆகவே நடந்திருக்கலாம்தானே என்று… அடித்துவிட்டேன்.

அல்லது, கரையில் இறங்கினதும் கலியன் கேட்கிறார்: “நேத்து டேங்க்க தூக்கினு வந்தது ஆருணா?” ஒரே கேள்வி. கேட்டால் முடிந்தது. ஆனால் நடவுக்குப் போன நிலத்தில் கம்பெனிச் சுவர் எழுந்து, அந்தக் கம்பெனி வயதைச் சொல்லித் திருப்பி அனுப்பி, கடைசியாக இந்த போட்டில் ஒண்டினவர் அவர். (இதுவும் நான் போட்டதுதான். முகம் கொடுக்கப் பார்க்கிறேன்.) அவரைக் கேள்வி கேட்கிற இடத்தில் யார் வைத்திருக்கிறார்கள்?

அல்லது, எதிர் சீட்டுக் கிழவி (நான்தான்) வாயைத் திறக்கிறாள். “ஏம்ப்பா, நேத்து நீதான முறுக்கி மூடினேன்னு பொண்டாட்டிகிட்ட சொன்ன?” பெட்டியே திரும்பிப் பார்க்கிறது. இதை ஆறு தடவை எழுதினேன். ஆறிலும் அவள் குரல் நடுங்கவே இல்லை.

ஆறும் குப்பைக்குப் போயின.

7

நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் அப்படி நினைக்கும்படிதான் எழுதிக்கொண்டு வந்தேன். பேசினேன்.

மீஞ்சூர் வந்துகொண்டிருந்தது. சாம்சன் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, சொந்தக்காரப் பெண்ணிடம் சலித்துக்கொள்கிற மாதிரி சொன்னான்:

“இந்த மாதிரி ஆளுங்கள வச்சிக்கினு இன்னாம்மா பண்றது?”

“ஆமாம்ப்பா” என்றேன்.

எல்லோருக்கும் பேச்சு போட்டுக் கொடுத்தேனே, எனக்கென்று இருந்தது அந்த ஒரு வரிதான். சும்மா மரியாதைக்குச் சொன்னது, பழக்கத்தில் வாயில் வந்தது என்றெல்லாம் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. அந்தத் திருகை இரண்டாம் தடவை மூடினது நான்.

எனக்கு முடிவு எழுத யோக்கியதை இல்லை. அந்த ‘ஆமாம்ப்பா’வை மட்டும் அடித்துவிட்டு, இடத்தைக் காலியாக விடுகிறேன். வண்டி இன்னும் நிற்கவில்லை. கலியன் இன்னும் கரைக்கு வந்திருக்க மாட்டார், என்ஜினைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஜன்னலோர சீட்டு. நான் எழுந்துவிட்டேன், நீங்கள் உட்காருங்கள். உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறான்:

“இந்த மாதிரி ஆளுங்கள வச்சிக்கினு இன்னா பண்றது?”

“