மூன்றாவது ஓட்டு

தோவாளைக்குத் தெற்கே இருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு கட்டிடங்கள், இரண்டு முதலாளிகள், இரண்டு சர்வர்கள். பழைய கட்டிடம் அண்ணன் டாக்டர் ஈஸ்வரமூர்த்திக்கு. புதியது தம்பி ஹரிகுமாருக்கு. நோயாளிகளின் விவரம் இருக்கும் அந்தச் சர்வர் கணினிகளில் ஒன்று படுத்தால் மற்றது எழுந்து வேலையை எடுத்துக்கொள்ளும். 'ஒரு நொடியும் நில்லாத சேவை' என்று வாசலில் விளம்பரம். உள்ளே லிஃப்ட் நின்று மூன்று மாதம்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பெபிஷாவுக்குப் போன செவ்வாயிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. அன்று இரண்டு கட்டிடங்களுக்கும் நடுவே ஓடும் கேபிளை எலி கடித்துவிட்டது. மற்றது செத்துப்போனதாக நினைத்து இரண்டு சர்வருமே தலைமையை எடுத்துக்கொண்டன. ஒரு பெண்ணுக்குப் பென்சிலின் ஆகாது என்று பழைய கட்டிடத்தில் பதிந்தது புதிய கட்டிடத்துக்குத் தெரியவில்லை. ஊசியோடு வந்த நர்சின் கையை அந்தப் பெண்ணே தட்டிவிட்டதால் பிழைத்தாள்.

தீர்வு சின்னது. ஓட்டுப் போட மூன்றாவதாக ஒரு குட்டிக் கணினிப் பெட்டி. கேபிள் அறுந்தால் அதன் ஓட்டு எந்தச் சர்வருக்குக் கிடைக்கிறதோ அது மட்டும் ஓடும், மற்றது அடங்கிவிடும். அமைப்பை மாற்றப் பத்து நிமிடம் போதும். பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டு நாள் போய்விட்டது.

"பெட்டி எனக்க ரூமிலதான் இருக்கணும். நான் டாக்டராக்கும்" என்றார் அண்ணன்.

"அவருக்க ரூமில வவ்வாலு கெடக்கு. எனக்க ரூமில ஏசி உண்டு" என்றார் தம்பி.

மணி மூன்று. நாலு மணிக்கு ஓ.பி. தொடங்கிவிடும். கக்கத்தில் பெட்டியோடு அவள் இரண்டு கட்டிடங்களுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். பிணவறையைப் பார்த்துக்கொள்ளும் சிலுவைமுத்து கூப்பிட்டார்.

"மக்கா, என்ன சப்பரம் மாதிரி சுத்துக?"

"இத வைக்க ஒரு இடம் இல்லண்ணே."

"இங்க வை. கரண்டு போனா ஆபரேஷன் தியேட்டருக்கு அடுத்தாப்ல எனக்குத்தான் ஜெனரேட்டர். நல்ல குளிரு. இங்க உள்ளவன் ஒருத்தனும் எழும்பி வந்து நோண்டமாட்டான்."

பெபிஷா நிமிர்ந்து பார்த்தாள். பிணவறையிலிருந்து இரண்டு கட்டிடங்களுக்கும் கேமரா கேபிள் தனித்தனியாக ஓடியது. முதலாளி அந்தப் பக்கம் போனால் ஆஸ்பத்திரிக்கு ஆகாது என்று சகோதரர்களின் கார்கள்கூட அங்கே திரும்புவதில்லை.

பெட்டியை அங்கே அலமாரியில் வைத்து, அந்தக் கேபிள்களோடு இணைத்து, இரண்டு சர்வர்களிலும் ஓட்டு எண்ணிக்கையை மூன்றாக்கினாள். மூன்றே முக்காலுக்கு நடுக் கேபிளைப் பிடுங்கினாள். ஒன்று, இரண்டு... ஏழாவது நொடியில் தம்பியின் சர்வர் அடங்கியது. அண்ணனுடையது ஓடியது. புதிய கட்டிடத்துக் கணினியில், பிணவறைக் கேபிள் வழியே, பென்சிலின் ஆகாத பெண்ணின் பக்கத்தைத் திறந்தாள். சிவப்பு எழுத்து பளிச்சென்று நின்றது. அதன்பிறகுதான் மூச்சு வந்தது.

உடனே ஹரிகுமாரின் போன். "எனக்க சர்வர் என்னத்துக்கு அடங்கிச்சு?"

"பெட்டிக்க ஓட்டு அந்தப் பக்கம் போச்சு சார்."

"அப்ப பெட்டிய எனக்க ரூமுக்கு மாத்து!"

"நீங்களே வந்து எடுத்துக்கிடுங்க சார். பிணவறையில இருக்கு."

"அங்கயே இருக்கட்டு" என்றார், பெருந்தன்மையாக. "பொதுவான இடந்தானே."

அடுத்து அண்ணனின் போன். "தம்பி என்ன சொன்னான்?"

"அங்கயே இருக்கட்டுன்னாரு."

"அத நான்தான் முதல்ல சொன்னேன்னு எழுதிக்கோ."