இடப்பக்கத்து மான்

ஞாயிற்றுக்கிழமைப் பகலுணவு முடிந்து, சற்றே கண்ணயரலாம் என்று அவர் எண்ணியிருந்த வேளையில், மைத்துனன் ஒரு கறுப்புப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பெட்டியிலிருந்து வயர்கள் குடல் சரிந்தாற்போல் தொங்கின.

"அத்தான், தூங்கி என்னத்தக் கண்டீங்க? இத ஒரு தடவ ஆடிப் பாருங்க. வீடியோ கேம், வேட்டை. அசல் காடு மாதிரியே இருக்கும்."

"ஏன்டா, வாரம் பூரா அந்தரத்துல தொங்கிட்டு வர்ற மனுஷன, லீவு நாள்ல காட்டுக்கு வேற அனுப்பறியா?" என்று தையல் பொறியின் பின்னாலிருந்து அவன் அக்காள் கேட்டாள். அயலார் கால்சட்டைகளை வாங்கி உயரம் குறைத்துத் தருவது அவள் தொழில். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வாயடிக்கவும் அவளால் முடியும்.

"நீ சும்மா இரு அக்கா. நாள் முழுக்க ரெண்டு கையிலயும் லிவர் புடிக்கிறவரு. இத அவர் கையில குடுத்தா காட்டுல ஒரு உசிரு மிஞ்சாது, பாரேன்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அவர் கோபுரக் கிரேன் இயக்குபவர். எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளுக்கு நடுவே, மேகத்துக்கு அடுத்த வீட்டுக்காரரைப் போலக் கண்ணாடிக் கேபினில் அமர்ந்து, இரும்பையும் சிமெண்டுப் பலகைகளையும் தூக்கி, முட்டையை வைப்பதுபோல் வைத்துவிட்டு வருவார். வேலைத்தளத்தில் அவருக்குப் பருந்து என்று பெயர். கீழே ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்தால்கூட, மேலிருந்து வாக்கி-டாக்கியில் அதட்டல் வரும். மைத்துனனும் அதே தளத்தில்தான் வேலை செய்தான். அத்தானின் கொக்கிக்குக் கீழே நின்று சுமையைக் கட்டுவதும், கையசைத்துச் சைகை காட்டுவதும் அவன் பொறுப்பு. ஊரைக் கூட்டுமளவு சீழ்க்கையடிப்பான் என்பதால் அவனுக்கு விசில் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்த அறை சிறியது, தொலைக்காட்சியோ பெரியது. சோபாவில் அமர்ந்தால் முழங்கால் திரையில் இடித்துவிடுமோ என்று தோன்றும். விசில் வயர்களைச் செருகி, பொத்தான்கள் நிறைந்த கைப்பிடியை அத்தானிடம் நீட்டினான். திரை இருண்டு, பிறகு மெல்ல விடிந்தது.

பொம்மைகள் ஓடிப்பிடித்து விளையாடும் என்று எண்ணியிருந்தவருக்கு முன்னால், பனி படர்ந்த ஒரு புல்வெளி விரிந்தது. காற்று ஒரு பக்கமிருந்து வீச, புல் முழுவதும் மறுபக்கம் சாய்ந்தது. எங்கோ ஒரு பறவை ஒருமுறை கத்திவிட்டு ஓய்ந்தது. நடந்தால் காலடியில் சருகு நொறுங்கியது.

"மெதுவா, அத்தான். வேகமாப் போனா சத்தம் கேட்டு ஓடிரும். காத்து உங்க முகத்துல அடிக்கிற மாதிரிப் போங்க. இல்லேன்னா உங்க வாடை அதுக்குத் தெரிஞ்சிரும்."

"நேத்துக் குளிச்சேன்டா."

"அது அக்காவுக்குப் போதும். மானுக்குப் போதாது."

சிரித்துக்கொண்டே அவர் முன்னேறினார். அரை மணி நேரத்தில், அது விளையாட்டு என்பதையே மறந்துவிட்டார். ஈர மண்ணில் குளம்பின் தடத்தைக் கண்டபோது நெஞ்சு படபடத்தது. மேட்டின் மறுபுறத்தில் கிளைகிளையாய்க் கொம்பு விரித்த ஓர் ஆண் மான் நின்றிருந்தது. அதன் மூச்சு புகையாய் எழுந்தது. ஒரு காது மட்டும் திரும்பித் திரும்பி எதையோ கேட்டது.

மனைவி, பாதி பிரித்த கால்சட்டையோடு பின்னால் வந்து நின்றாள். "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு! அதப் போய்ச் சுடணுமா?"

"உஷ்!" என்றார் அவர், மானுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. பின்னர் திரையிலிருந்த துப்பாக்கியை உயர்த்தி, இடக்கண்ணை இறுக மூடினார்.

"அத்தான், இது டிவி. கண்ண மூட வேணாம்."

"துப்பாக்கின்னா ஒத்தக் கண்ணாலதான்டா பாக்கணும். வாயப் பொத்து."

குறிவட்டம் அவர் மூச்சோடு ஏறி இறங்கியது. மூச்சை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். தம் மூச்சையும் நிறுத்திக்கொண்டார். வட்டம் மானின் தோளில் வந்து நின்றது.

"என்னங்க, கொஞ்சம் பொறுங்க" என்றாள் மனைவி.

"அத்தான், நில்லுங்க! நில்லுங்க!"

அவர் அழுத்திவிட்டார். அதே நொடியில் குறிவட்டத்துக்குள் வேறொரு உடல் நிறைந்தது. வெடியோசை மேட்டில் மோதித் திரும்பியது. கொம்பு மான் துள்ளி மறைந்தது. புல்லில் ஒரு பெண் மான் விழுந்து கிடந்தது. எழ முயன்று, முன்னங்கால்களை மட்டும் ஊன்றி, மீண்டும் சரிந்தது.

"இது எங்கேருந்துடா வந்துச்சு?" என்றார் அவர்.

விசில் விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கியிருந்தான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவன் சிரிப்பு பாதியில் அறுந்தது. அது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

"அதான் ரெண்டு பேரும் கத்துனோமே" என்றாள் மனைவி. "இடது பக்கத்துலேருந்து ஆடி அசஞ்சு மேஞ்சுக்கிட்டே வந்துச்சு. கல்யாண ஊர்வலம் மாதிரி. நீங்க பாக்கலையா?"

"அட போங்க. இதச் செஞ்சவன் மறைச்சு வச்சிட்டுத் திடீர்னு கொண்டாந்து நிறுத்தறான். ஆனா சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாத்தான் செஞ்சிருக்கான்."

"மறைக்கலையே, அத்தான்" என்று விசில் தாழ்ந்த குரலில் சொன்னான். "இருங்க, திருப்பிப் போட்டுக் காட்டும்."

சுட்ட காட்சியைத் திரை மறுபடியும் காட்டியது. இம்முறை அவர் இரு கண்களையும் திறந்தே வைத்திருந்தார். மனைவி சொன்னது பொய்யன்று. பெண் மான் இடப்பக்கத்துத் திறந்தவெளியில், குனிந்தும் நிமிர்ந்தும், எவ்வளவோ நேரம் எடுத்துக்கொண்டு நடந்துவந்தது. குருடனும் அதைக் கண்டிருப்பான்.

கொம்பு மானை நோக்கியபடியே அவர் இடக்கண்ணை மெல்ல மூடினார். பெண் மான் இல்லை. திறந்தார், மான் இருந்தது. மூடினார். அங்கே ஓட்டை ஏதும் தெரியவில்லை, கறுப்பாகவும் தெரியவில்லை. மான் நின்ற இடத்தில் புல்தான் அசைந்துகொண்டிருந்தது. இல்லாத இடத்தில் அந்தப் புல்லை நட்டுவைத்தது யார்?

அவர் திரும்பி மனைவியின் இடக்காதை நோக்கியவாறு இடக்கண்ணை மூடினார். மூடித் திறந்து, மறுபடியும் மூடினார்.

"தம்பி முன்னாடி என்னங்க கண்ணடிக்கிறீங்க? வயசு காலத்துல!" என்று சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கினாள். "என்னங்க?"

"உன் வலது காதும் கன்னமும் தெரியல" என்றார். "அதுக்குப் பதிலாச் சுவர் தெரியுது."

ஆண்டுதோறும் நிறுவனம் நடத்தும் பரிசோதனையில், பலகையிலிருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்துக் காட்டியவர் அவர். எழுத்தை நேராகப் பார்த்துப் படித்தார். நேராகப் பாராத இடத்தில் என்ன இருக்கிறது என்று எவரும் அவரைக் கேட்டதில்லை. இரு கண்களும் திறந்திருக்கையில் ஒன்றன் குறையை மற்றொன்று மூடிவிடும் போலும். அப்படியானால் ஒற்றைக் கண்ணால் பார்ப்பது எப்போது என்று எண்ணியதும், அவருக்குத் தம் கேபின் நினைவுக்கு வந்தது. நேர் கீழே கொக்கியைப் பார்ப்பதற்கு, கேபினின் இரும்புத் தூணில் இடக்கன்னத்தை அழுத்திக்கொண்டுதான் அவர் குனிவது வழக்கம். அப்போது இடக்கண்ணைத் தூண் மறைத்துவிடும்.

விசில் திரையைப் பார்த்தபடியே பேசினான். அங்கே மானின் விலா இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வேட்டைக்காரன் அருகே வரும்வரை விளையாட்டு காத்திருக்கும்.

"போன வாரம், அந்தக் கம்பிக் கட்டு இறக்குனீங்களே அத்தான்..."

அவருக்கு நினைவிருந்தது. தளமே கேட்கும்படி வாக்கி-டாக்கியில் அவனை வைதிருந்தார். எங்கேருந்துடா வந்து நின்னே, பொண்ணு பாக்க வந்தியா என்று கேட்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

"நான் எங்கேருந்தும் வரல. அங்கயேதான் நின்னேன். ரெண்டு கையையும் தூக்கி, நிறுத்துங்க நிறுத்துங்கன்னு காட்டிக்கிட்டே இருந்தேன். வாக்கி-டாக்கில வேற எவனோ பேசிட்டிருந்தான். விசிலடிச்சா கான்கிரீட் மிக்சர் சத்தத்துல கேக்கல. கட்டு என்னைப் பாத்து வந்துக்கிட்டே இருந்துச்சு. செவுத்தோட செவுறா ஒட்டிக்கிட்டேன். சட்டை கிழிஞ்சதோட போச்சு."

"ஆணியில மாட்டுச்சுன்னு சொன்னியேடா, அந்தச் சட்டையா?" என்றாள் அக்காள். அதை அவள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?" என்றார் அவர்.

"நான்தான் தப்பான இடத்துல நின்னுட்டேன்னு நெனச்சேன். பருந்துக்கா தெரியாமப் போகும்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."

மனைவி கையிலிருந்த கால்சட்டையை மேசைமேல் போட்டுவிட்டுப் பேசினாள்.

"நாளைக்குக் காலைல கண் டாக்டர்கிட்டப் போவோம். ஒரு கண்ணாடி போட்டாச் சரியாப் போயிடலாம். அதுவரைக்கும் யாருக்கும் சொல்ல வேணாம். காய்ச்சல்னு சொல்லுங்க."

"ஆமா, அத்தான். ஒருதடவ எறக்கி விட்டுட்டாங்கன்னா மறுபடி ஏத்த மாட்டாங்க. நீங்க வாங்க. நான் கீழேருந்து சைகையெல்லாம் காட்டல, வாயாலயே சொல்லிக்கிட்டே இருக்கேன். இடம், வலம், நிறுத்துங்கன்னு. நான் பாத்துக்கறேன்."

"கீழ நீ ஒருத்தன்தான் நிக்கிறியா?"

விசில் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் கைப்பேசியை எடுத்துத் தளத்தின் இன்ஜினியரை அழைத்தார். எதிர்முனையில் குழந்தைகளின் கூச்சல் கேட்டது.

"என்ன பருந்து, லீவு நாள்லகூட விடமாட்டீங்களா?"

"நாளைக்கு என்னால மேல ஏற முடியாது சார்."

"அடடா, நாளைக்கா? பெரிய பலகையெல்லாம் வருதே. காய்ச்சலா?"

குரல் அறை முழுவதும் கேட்டது. மனைவி வேகமாகத் தலையசைத்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கேபின் அவருடையதாகவே இருக்கும், மூன்றாம் நாள் எவரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அச்சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அப்போது விசிலும் தலையசைப்பதை அவர் கண்டார். கம்பிக் கட்டுக்கும் சுவருக்கும் இடையில் நின்றவன், சொல்லுங்க அத்தான், காய்ச்சல்னே சொல்லுங்க என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தான். அவர் அவனைப் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காய்ச்சல் இல்லீங்க சார். வலது கண்ணுல ஒரு பக்கம் எனக்குத் தெரியல."

குழந்தைகளின் கூச்சல் நின்றது. இன்ஜினியர் வேறோர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

"எத்தன நாளா?"

கடந்த வாரமா, கடந்த ஆண்டா? எத்தனை பேரின் தலைக்கு மேலாக, எத்தனை சுமைகளை, அங்கே வெறும் தரைதான் இருக்கிறது என்று நம்பி அவர் கொண்டுபோனார்?

"தெரியலீங்க சார்" என்றார். "பாக்காதது எதுன்னு எனக்கே தெரியல."

இன்ஜினியர் சொன்னார்: "காலைல ஆபீசுக்கு வாங்க. ஏற வேணாம். வரும்போது கேபின் சாவிய எடுத்துட்டு வந்துருங்க."

"சரிங்க சார்."

அவர் எழுந்து, மாட்டியிருந்த சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். அதை மேசைமேல், பிரித்துப்போட்ட கால்சட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். மனைவி அதைப் பார்த்தாள், விசிலும் பார்த்தான். ஒருவரும் அதைத் தொடவில்லை.