மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தேனீ

கீழத் தெருவுக்கு இருந்தது ஒரே ஒரு தேனீ. மற்றவை போன வருடமே வேலையை விட்டுவிட்டன. இது மட்டும் காலை ஒன்பது மணிக்கு வந்து, வீடு வீடாகப் போய், பதினொன்றரைக்குத் திரும்பும். தெருவே அதைத் தேனீயம்மா என்றது.

மார்கழி பிறந்ததிலிருந்து தேனீயம்மா உலகம்மாள் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த வீட்டு ஆவுடையின் தோட்டத்தில் மட்டும் ஒரு மணி நேரம் இருந்தது. உலகம்மாள் முக்காலி போட்டு ஏறி மதில் வழியாகப் பார்த்தாள். அவள் ஒரு பெருமூச்சு விட்டால் மதில் ஒரு சாண் வளரும். அந்த வீட்டு மதில் அப்படித்தான். நாலாம் நாள் ஏணி தேவைப்பட்டது.

பொங்கலன்று தெரு முழுக்க உலகம்மாள் கொடியில் காய்த்த பூசணிதான் குழம்பில் கொதிக்கும். இருபது வருட வழக்கம். இந்த வருடம் அவள் கொடியில் பிஞ்சு பிஞ்சாக அழுகி விழுந்தது. போன ஆவணியில் குடிவந்த ஆவுடைக்கு ஏழு காய். எண்ணியது உலகம்மாள்தான்.

"நேத்து வந்தவளுக்கு ஏழா?" என்று ஏணியிடம் கேட்டாள். ஏணி கொஞ்சம் ஆடியது.

உலகம்மாள் புகார் சொல்லப் போன தேனீ அலுவலகம் தபால் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரே ஒரு சன்னல். உள்ளே முகத்துக்கு வலை கட்டிய ஒருவர்.

"காலைல ஒம்பது மணிக்கு ஒங்க பூ எங்க இருந்துது?"

உலகம்மாள் யோசித்தாள். "வாசல்ல. கோலத்துல, சாணி உருண்டை மேல. மார்கழில்லா?"

"எத்தன?"

"நாப்பத்தொண்ணு." பெருமையாகத்தான் சொன்னாள். "ஆவுடை ஒண்ணுதான் வச்சிருந்தா."

அவர் எழுதிக்கொண்டார். "மருந்து அடிச்சியளா?"

"எறும்புக்குத்தான் அடிச்சேன்."

அவர் பேனாவை மூடினார். "எறும்பு தேனீக்குச் சித்தி மக்க. துட்டி விழுந்த வீட்டுக்கு அவுக வேலைக்கு வரமாட்டாவ. பதினாறு கழியணும்."

"ஆவுடை வீட்டுக்கு மட்டும் போறாவளே?"

"அங்க யாரும் சாகல." சன்னலைப் பாதி சாத்திவிட்டுச் சொன்னார்: "குடிக்கத் தண்ணி வைங்க. தட்டுல, கூழாங்கல் போட்டு. செம்புல வச்சா முங்கிருவாவ."

மருந்துப் புட்டியை அங்கேயே ஒப்படைத்தாள். ரசீது எறும்புகளின் பேரில் வந்தது.

பூப் பறிப்பதை மட்டும் அவளால் விட முடியவில்லை. ஆவுடை கண் முன்னால் வெறும் சாணி உருண்டையா வைப்பாள்? ஆண்பூ அத்தனையையும் பறித்துக் கோலத்தில் வைத்தாள். பிஞ்சு ஒட்டிய பெண்பூ ஒன்றைக் கொடியில் விட்டாள். ஒன்று போதாதா?

பதினேழாம் நாள் தேனீயம்மா வந்தது. ஆவுடை வீட்டிலிருந்து நேராக, கால் நிறைய மஞ்சளோடு, மதிலேறி மூச்சு வாங்க வந்தது. கூழாங்கல்லில் நின்று தண்ணீர் குடித்தது. முகம் துடைத்தது. பூவுக்குள் போனது. உலகம்மாள் கும்பிட்டாள்.

காய் பிடித்தது. பத்து நாளில் குடமளவு ஆனது. அதன் இடப்பக்கம் ஒரு மறு இருந்தது. ஆவுடைக்கும் இடக் கன்னத்தில் அதே மறு. மூக்குத்தி மறுநாள் வந்தது. இவள் ஆண்பூவெல்லாம் வாசலில் வாடிக் கிடக்க, வந்து சேர்ந்தது ஆவுடை வீட்டு மகரந்தம். காய் வேறு யாரைப் போல இருக்கும்?

பொங்கலன்று தெரு பாத்திரத்தோடு வரிசையில் நின்றது. உலகம்மாள் அரிவாள்மனையில் உட்கார்ந்தாள்.

"மெல்ல வெட்டுங்க, மதினி," என்றது காய்.

வெட்டினாள். எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசிக் கீற்றை ஏணியில் ஏறி ஆவுடையிடம் நீட்டினாள். தன் கையிலிருந்து அவள் வாங்குவதையாவது பார்க்க வேண்டும்.

ஆவுடை முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். "எங்க வீட்டு வாசம்லா அடிக்கு, மதினி!"

மதில் ஏணியைத் தாண்டி வளர்ந்தது.

மறுநாள் மாட்டுப் பொங்கல். உலகம்மாள் வாசலில் வெறும் சாணி உருண்டை. தெருவே பார்த்துச் சிரித்தது. நாற்பத்தொரு ஆண்பூவும் கொடியிலேயே இருந்தன.

ஒன்பது மணிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் ரீங்காரம் கேட்டது. ஆவுடை யாரையோ கொஞ்சும் சத்தமும் கேட்டது. உலகம்மாள் நெஞ்சு வரை வந்த பெருமூச்சை வாயைப் பொத்தி அடக்கினாள். தேனீயம்மாவுக்கு வயதாகிவிட்டது. மதில் இன்னும் ஒரு சாண் வளர்ந்தால் அதால் ஏறி வர முடியாது.

தட்டில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு, ஒன்பதே முக்காலுக்கு ரீங்காரம் மதிலேறி வரும் வரை அவள் மூச்சு விடவில்லை.