தெளிந்த மஞ்சள்

"பூண்டு, மஞ்சள், மிளகு... நீ கோழி வளர்க்கிறியா, இல்ல இப்பவே மசாலா தடவுறியா?" என்று அக்கா ஒருமுறை தங்கையைக் கேட்டிருந்தாள். ஆன்டிபயாடிக் மருந்தே கொடுக்காமல் வளர்த்தால்தான் கோழிகளை எடுப்போம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அதனால் அவள் இவற்றை அரைத்துத் தீவனத்தில் கலந்தே முப்பது நாட்களை ஓட்டிவிட்டாள்.

இன்று கம்பெனியின் பரிசோதகர் பரிசோதனைப் பெட்டியோடு வந்து நின்றபோதுதான் கவனித்தாள், கோழிகளின் குடிதண்ணீர்க் குடுவையில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"நாலு கோழி தலையத் தொங்கப்போட்டுச்சுடி. மனசு கேக்கல, மிச்சமிருந்த பழைய ஆன்டிபயாடிக்ல ஒரு மூடி ஊத்திட்டேன்," என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"தண்ணி ஏம்மா மஞ்சளா இருக்கு?" என்றார் பரிசோதகர்.

"மஞ்சத்தூள்தான் சார்!" அக்கா முந்திக்கொண்டாள்.

மஞ்சள்தூள் தண்ணீரில் கரையாது. கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்துவிடும். அக்காவுக்கு அது தெரியாது. பரிசோதகருக்கும் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று தவித்தாள்.

அவர் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் துளி வண்டல்கூட இல்லை. குடுவையை மெல்லக் கீழே வைத்தார். "மஞ்சத்தூள்னா அடியில படியணுமேம்மா," என்று சொல்லிவிட்டு, திறக்காத பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.