இடது பக்கத்து ஜிகினா

மாதா கோயில் சப்பரக் கொட்டகையில் அடைக்கலம் மைதாப் பசை கிண்டிக்கொண்டிருந்தார். தங்கை புருசன் சூசைமாணிக்கம் வாசலில் வந்து நின்று மூக்கைப் பொத்தினார்.

"என்ன மச்சான், சினிமா போஸ்டர் ஒட்டப் போறீங்களா?"

"ஆமா மாப்ளே. ஒங்க கடைச் சுவரு சும்மாதான கெடக்கு."

சூசைமாணிக்கத்துக்கு பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே நோட்டுப் புத்தகக் கடை. மதுரையிலிருந்து வரவழைத்த வெள்ளைக் கோந்து டப்பாவைக் கைக்குழந்தை போல இடுப்பில் இடுக்கியிருந்தார்.

ஆகஸ்ட் திருவிழாச் சப்பரத்துக்குத் தாள் ஒட்டுவது அடைக்கலம் வீட்டு உரிமை. மூங்கில் சட்டத்துக்கு முதல் தாள் ஒட்டியவர் அவருடைய பாட்டனார். போன வருசம், எழுபத்தேழில், ஏரிச்சாலையில் அடித்த சாரலில் ஜிகினாத் தாள் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து ரோட்டில் விழுந்தது. அதைப் பொறுக்கிக் கடை வாசலில் தொங்கவிட்டார் சூசைமாணிக்கம். பெண் எடுத்த வீட்டுக்குச் செய்கிற மரியாதையா அது?

இனித் தாள் ஒட்டும் உரிமை தமக்கே வேண்டும் என்றும் கேட்டார். கோயில் கமிட்டி கூடியது. வலது பக்கம் அடைக்கலம், இடது பக்கம் சூசைமாணிக்கம். பவனி முடியும்வரை எவர் பக்கம் நிற்கிறதோ, உரிமை இனி அந்த வீட்டுக்கே.

அன்றிலிருந்து அடைக்கலத்துக்குச் சோறு இறங்கவில்லை. தச்சர்கள் காய்ச்சும் வச்சிரம் ஒட்டும். ஆனால் அது மாட்டுத் தோலும் எலும்பும். மாதாவுக்கு உடுத்துகிற தாளில் அதைத் தொடவிட்டதில்லை அவர் அப்பா. பஞ்சர் கடை சொலுஷன் நனையாது. மாதாவை பெட்ரோல் நாற்றத்தில் உட்கார்த்தவா? மைதாவைத் தவிர வழியில்லை. ஜிகினாத் துண்டுகளை விதவிதமாக ஒட்டி, மலை மூடுபனியில் துணிக்கொடியில் தொங்கவிட்டுப் பார்த்தார். தாளின்மேல் தாள் நின்றது. பளபளப்பின்மேல் ஒட்டியதெல்லாம் வழுக்கியது. பசை குடிக்கத் தாள் வேண்டும், மினுக்கு குடிக்காது. போன வருசம் தாம் ஓரத்தின்மேல் ஓரம் ஏற்றி ஒட்டியதுதான் கேடு என்று விளங்கியது. இந்த முறை, திருவிழாவுக்கு முந்தின நாள், ஒவ்வொரு ஓரத்திலும் விரலகலத்துக்கு மினுக்கை உப்புத்தாளால் சுரண்டினார். படிகாரம் போட்ட கெட்டிப் பசையைத் தடவி, கரிச்சட்டி அனலில் காயவைத்து, சாரல் இறங்காதிருக்க மூட்டுக்கு மூட்டு மெழுகுவர்த்தியைத் தேய்த்தார்.

"ஜிகினாவச் சுரண்டுறதுக்கு பழைய பேப்பரே வாங்கிருக்கலாமே!" என்றார் சூசைமாணிக்கம். அவர் கோந்தைத் தாராளமாகப் பூசி, கரிச்சட்டியைக் காலால் தள்ளிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் தம் பக்கத்தை முடித்திருந்தார்.

திருவிழா அன்று வெள்ளனே தங்கை சகாயராணி மூச்சிரைக்க வந்தாள்.

"அண்ணே, கோந்து காயவே இல்ல. அடியில பாலு மாதிரி அப்பிடியே நிக்குது. தாளெல்லாம் எறங்குது. ஒரு சட்டி பசை குடுங்கண்ணே."

அடைக்கலம் போய்ப் பார்த்தார். வலது பக்கம் வாள் மாதிரி மின்னியது. இடது பக்கம் மூங்கில் எலும்பு தெரிய, தாள் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சூசைமாணிக்கம் கையைக் கட்டி நின்றார்.

"அவ கேட்டா. நான் கேக்கல."

"நீங்க கேட்டாலும் குடுக்க மாட்டேன் மாப்ளே. எங்க வீட்டுப் பசைய எங்க வீட்டுக் கைதான் தொடும். தள்ளுங்க."

"தொட்டுப் பாருங்க. என் பக்கத்துல நீங்க கை வச்சா போட்டி செல்லாது. கமிட்டில நானே சொல்லுவேன்."

அடைக்கலம் நின்றார். சும்மா இருந்தால் போதும். ஏரி சுற்றி வருவதற்குள் இடது பக்கம் உதிர்ந்துவிடும், உரிமை திரும்பிவிடும். ஆனால் சப்பரம் போகும்போது சனம் கோந்தையா பார்க்கும்? மாதாவைப் பார்க்கும். ஒரு பக்கம் பட்டும் மறுபக்கம் கந்தலுமாக, பாட்டனார் உடுத்திவிட்ட மாதாவைத் தெருவில் நிறுத்தி அவர் எதை ஜெயிப்பது?

இடது பக்கத்துத் தாளை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் கிழித்தார்.

"ராணி, மிச்ச ஜிகினாவக் கொண்டா. வெரசா. மாப்ளே, நீங்க கரிச்சட்டியப் பிடிங்க. தூக்கி நேராப் பிடிங்க, நேத்து காலால தள்ளுன சட்டிதான்!"

சனம் கூடியிருந்தது. சூசைமாணிக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். அனல் அவர் முகத்தில் அடித்தது. அடைக்கலம் அவசரப்படவே இல்லை.

பவனி போனது. சாரல் விழுந்தது. ஒரு துண்டும் கழலவில்லை. சப்பரம் கொட்டகைக்குத் திரும்பியதும் சூசைமாணிக்கம் சொன்னபடியே செய்தார்.

"எடது பக்கத்தை அவரு கிழிச்சிட்டாரு. என் கோந்து நின்னுருக்கும். நிக்காதுன்னு எவன் பாத்தான்?"

கமிட்டித் தலைவர் தலையைச் சொறிந்தார். கோந்துத் தாள் ஏரிச்சாலையில் உதிர்ந்ததை எவரும் பார்க்கவில்லைதான். "அப்ப அடுத்த வருசமும் பாதிப் பாதிதான்" என்றார்.

சகாயராணி அழ ஆரம்பித்தாள். அடைக்கலம் துண்டை உதறித் தோளில் போட்டார். தரையில் கிடந்த கோந்து டப்பாவை எடுத்து, சூசைமாணிக்கத்தின் கையில் வைத்தார்.

"நல்லா இறுக்கி மூடி வைங்க மாப்ளே. அடுத்த வருசமும் கிழிச்சு ஒட்டுற சோலி எனக்கு வேணும்ல."