அவர் கைப்பேசியில் வந்த மொழி

என் வீட்டுக்காரர் முகுந்தன் கைப்பேசியில் வீடியோ பார்க்கும் செயலியைத் திறந்தால் தமிழ்தான் வரும். அன்று அவர் குளிக்கப் போன நேரத்தில் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை இந்தோனேசிய மொழி.

என் கைப்பேசியிலும் அதே மொழிதான் வருகிறது. நான் மத்தியானத்தில் இந்தோனேசிய நாடகத் தொடர் பார்க்கிறேன். எதை அதிகம் பார்க்கிறோமோ அந்த மொழியைத்தான் செயலி காட்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். கேலி செய்வார் என்று அவரிடம் தொடரைப் பற்றி மூச்சு விடவில்லை. சரி, நான் பார்த்தேன், எனக்கு வந்தது. அவர் எதைப் பார்த்தார்? யாரோடு உட்கார்ந்து பார்த்தார்?

அதைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. மலேசியாவில் ரெம்பாவ் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் அவர் மண்டோர், வேலையாட்களை மேய்க்கும் கங்காணி. செம்பனைக் கன்று வளர்க்கும் நர்சரியில் வேலை செய்யும் யந்தி இந்தோனேசியாக்காரி. முப்பது வயதுகூட இருக்காது, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அவள் புருஷன் சுரோத்தோவைப் போன மாதம் திடீரென்று பகாவ் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றச் சொன்னதே மண்டோர்தான் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. புருஷனை விரட்டிவிட்டு அவளைத் தனியாக வைத்திருக்கிறார், நான் மடச்சி மாதிரி அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் யந்தியைப் பார்த்தால் தோடு புதுசா, செருப்பு புதுசா என்றுதான் கண் போகும். அக்கா என்று அவள் கூப்பிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பதினோராம் நாள் அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டுக் கேட்டேன்.

“யந்தி வீட்டுல என்னா படம் பாக்குறீங்க? உங்க போனு பூரா இந்தோனேசியாவா இருக்கு.”

அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

“அத நான்லா கேக்கணும். ரெண்டு போன்லயும் ஒரே அக்கவுண்டு. ஒன்னுல பாத்தா இன்னொன்னுலயும் அதே மொழி வந்துரும். நீ என்னா பாத்தேன்னு லிஸ்ட்டும் வரும். தெனமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒன்கூட ஒக்காந்து பாக்குறது யாரு?”

“யாருமில்ல. நான் ஒருத்திதான் சீரியல் பாக்குறேன். நீங்க சிரிப்பீங்கன்னு சொல்லல.”

நம்பாமல் பார்த்தார். மாமியார்க்காரி மருமகளுக்கு மருந்து வைத்ததிலிருந்து நேற்று கோர்ட்டில் முடிந்ததுவரை கதையைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் செத்துப்போனது.

“நம்ம கொழாய் ரிப்பேரு பண்ண வந்தானே, சுரோத்தோ. அவன்னு நெனச்சிட்டேன், புஷ்பா. ஒன்ன கேக்க வாய் வரல. அதான் மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தேன்.”

“திருப்பிக் கூப்புடுங்க.”

“அவன் எடத்துக்கு ஆள் வந்தாச்சு. இனி கம்பெனி விடாது.”

நான் பதறியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். என்மேல் இவருக்கு இவ்வளவு பொறாமையா? அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் நர்சரி வாசலில் யந்தி புருஷனோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மண்டோர் வீட்டு அக்கா வந்துட்டாங்க. நீ என்னா தப்பு செஞ்சேன்னு அவங்ககிட்டயே கேளு” என்று மலாயில் சொல்லி, கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.