உள்ளூர்க்காரியின் உதிரி

பஸ் கம்பெனியின் இரண்டாம் மாடியில், டிக்கெட் பதிவு செய்யும் இணையதளத்தைக் கவனிக்க இருந்தவர்கள் ஒரு பெண்ணும் ஓர் ஆணுமாக இரண்டே பேர். இருவருக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. டீ குடிக்க ஒன்றாகத்தான் போவார்கள். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவள் கிழக்கே என்பாள், அவர் மேற்கே என்பார்.

வெளியாட்கள் ஆயத்தமாக எழுதி வைத்த நிரல் தொகுப்பு ஒன்றை, அதாவது பிரேம்வொர்க்கை, இறக்கி, அதன்மேல் தளத்தைக் கட்டலாம் என்று அவர் வாயெடுத்தாலே போதும். "எதுக்குங்க? எல்லாம் ப்ரௌசருக்கு உள்ளயே இருக்கு" என்று அவள் முடித்துவிடுவாள். அதனால் அவளுக்கு உள்ளூர்க்காரி என்றும் அவருக்கு அசலூர்க்காரர் என்றும் பெயர் விழுந்துவிட்டது. வைத்தவர் மேனேஜர். அவருக்கு வேறு வேலை என்ன?

இப்போது உள்ளூர்க்காரிக்கு ஒரு மாத லீவு வேண்டும். தங்கைக்குத் தலைப்பிரசவம்; அம்மா இல்லை, இவளை விட்டால் ஆளும் இல்லை. தங்கை ஃபோனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "என் கல்யாணத்தன்னிக்கு ஃபோட்டோவுக்குக் கூப்பிட்டப்போ நீ லேப்டாப்போட ரூமுக்குள்ள உக்காந்திருந்த. இந்தத் தடவையும் அதைத் தூக்கிட்டு வர்றதா இருந்தா வரவே வேண்டாம்க்கா." கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பாள். நிதானமாகச் சொன்னதால் அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தாள்.

"தாராளமா போயிட்டு வாங்க" என்றார் மேனேஜர். "ஆனா தளம் நின்னா அசலூர்தான் பாக்கணும். அவருக்குப் புரியுற மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க." கையில் பத்து நாள் இருந்தது.

அசலூர்க்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எழுதிய நிரல் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாம் சின்னதாக, சுத்தமாகத்தான் இருந்தன. 'உதிரி' என்ற கோப்பைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கே இங்கே தேவைப்பட்ட துண்டு துணுக்குகளைப் போட்டு வைக்க ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் தொடங்கிய கோப்பு அது. இப்போது நாலாயிரத்துச் சொச்சம் வரிகள்.

"இது என்னங்க?"

"உதிரி. பெருசா ஒண்ணும் இல்ல."

"சீட் நிறம் மாத்துறது இது, பெட்டி திறக்குறது மூடுறது இது, தேதி சரி பாக்குறதும் இதுவேதான். உள்ளூரு, இதுக்குப் பேரு பிரேம்வொர்க்குங்க. நான் சொல்ற வெளி பிரேம்வொர்க்கை எழுதினவங்க நிறைய பேரு, எப்படிப் பயன்படுத்தணும்னு எழுதியும் வச்சிருக்காங்க. இதுக்கு இருக்குற ஒரே விளக்கம் நீங்கதான். நீங்களும் லீவுல போறீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்போ எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு உங்க அசலூரையே கொண்டாந்து இறக்குங்களேன்!" குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

கிடைத்தது வாய்ப்பு என்று அவர் குதிக்கவில்லை. அந்த மனுஷனிடம் அது ஒரு நல்ல குணம். "அதுக்கும் பத்து நாள் பத்தாது. முதல்ல இதுல எது வேணும், எது வேண்டாம்னு பாப்போம்" என்றார்.

மூன்றாம் நாள் முந்நூறு வரிகளுக்கு நேரே விரலை வைத்தார். 'டிக்கெட்டை ரத்து செய்யலாமா?' என்று கேட்டு எழுந்து நிற்கும் பெட்டிக்கு அவள் எழுதியவை அவை.

"இதை எதுக்குக் கையால எழுதியிருக்கீங்க? ப்ரௌசர்லயே இருக்கே. டயலாக்னு ஒரு டேக், அந்த ஒரு வார்த்தையை எழுதினா பெட்டி வந்துடும். எஸ்கேப் பட்டனைத் தட்டினா அதுவே மூடிக்கும். வந்து சில வருஷம் ஆச்சே!"

அவள் ஒரு வெற்றுப் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். திறந்தது. மூடியது. அவள் எழுதிய காலத்தில் அது எல்லா ப்ரௌசரிலும் இல்லை, அது நிஜம். ஆனால் உள்ளேயே இருக்கிறது, உள்ளேயே இருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னவள், அதற்கப்புறம் உள்ளே எட்டிப் பார்க்கவே இல்லை.

அந்த வரிகளுக்கு நடுவே அவளே எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது: 'பெட்டி மூடவில்லை. சரி செய்தாயிற்று.' பக்கத்தில் தேதி. இரண்டு வருஷத்துக்கு முந்தைய, தங்கையின் கல்யாண நாள். அன்று நாலு மணி நேரம் மல்லுக்கட்டியது இந்தப் பெட்டியோடுதான். அப்போதே அந்த டேக் வந்துவிட்டிருந்தது.

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள். வெட்கமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது. திரும்பி வந்து, அந்த முந்நூறு வரிகளையும் தன் கையாலேயே அழித்தாள்.

பத்தாம் நாள் முடிவில் உதிரியில் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது; ப்ரௌசரே அதையெல்லாம் செய்துகொண்டது. ஒரே சீட்டுக்கு நாலு பேர் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்ளும் பக்கத்தை மட்டும் பிரேம்வொர்க்குக்கு மாற்றினார்கள். தன்னுடையதைவிட அது நன்றாகச் செய்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். அசலூர்க்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மற்றப் பக்கங்களுக்குத் தன் சரக்கு தேவையே இல்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார், கொஞ்சம் மெதுவான குரலில்.

தங்கைக்குப் பெண் பிறந்தது. மூன்று நாளாக ஆபீஸிலிருந்து ஒரு ஃபோன் இல்லை. பொறுக்கமாட்டாமல் ஆஸ்பத்திரி ஜன்னலோரம் நின்று அவளே கூப்பிட்டாள்.

"ஏதாவது நின்னுச்சா?"

"இல்லையே" என்றார் அசலூர்க்காரர்.

"சீட் பக்கம்?"

"எல்லாம் ஓடுதுங்க. நீங்க பிள்ளையைப் பாருங்க." வைத்துவிட்டார்.

"ஆபீஸா?" என்றாள் கட்டிலிலிருந்து தங்கை.

"நானாத்தான் பண்ணேன்." அவள் ஃபோனைப் பைக்குள் போட்டாள். "உன் கல்யாணத்தன்னிக்கு நான் இல்லைன்னா பஸ்ஸே ஓடாதுங்கிற மாதிரி உக்காந்திருந்தேன்ல? அது செய்யவே தேவையில்லாத வேலைடி. நான் பாக்காம விட்டுட்டேன்."

தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சொல்றது எனக்கு ஒண்ணும் புரியல. ஃபோட்டோல நீ இல்லங்கிறது மாறப்போறதும் இல்ல" என்றாள். பிறகு மடியில் கிடந்த குழந்தையை நீட்டினாள். "இவளைப் பிடி. ரெண்டு நாளா தூக்கமே இல்ல, நான் கொஞ்சம் படுக்குறேன்."

அக்கா வாங்கிக்கொண்டாள்.

"கழுத்துக்குக் கை குடு" என்றாள் தங்கை, கண்ணை மூடிக்கொண்டே.

அவள் ஏற்கனவே கொடுத்திருந்தாள்.